மூன்றாந்தரம் கேட்டால்

என் அம்மா ஒரு வெள்ளைக்காரக் குழந்தையை ஏழு வருஷம் வளர்த்தாள். அதே ஏழு வருஷம் என்னை என் பெரியம்மா வளர்த்தாள். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் குரல் தடித்துவிடும். எழுபது தாண்டியும் போகாத கோபம் இனிமேலா போகப்போகிறது? இருக்கட்டும். அந்தக் கோபத்தோடேயே சொல்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற கூலி. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது கப்பலுக்கும் படகுக்கும் நடுவே போட்டிருந்த பலகை சரிந்து செத்துப்போனார். மூன்று மாதம் கழித்து அம்மா ராயபுரத்தில் ஒரு பங்களாவுக்கு ஆயா வேலைக்குப் போனாள். துரை துறைமுகத்தில் இன்ஜினீயர். துரைசானிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மா அங்கேயே தங்க வேண்டும், குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் தண்டையார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆக, எனக்கு அம்மா என்பவள் வாரத்துக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்திலும் என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேசுவாள். பாப்பா இப்படிச் சொன்னாள், பாப்பா அதைத் தின்னமாட்டேன் என்றாள், பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அவள்தான் பாப்பா. நான் வெறும் 'ஏ புள்ள'. வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஒரு தரம் கேட்டே விட்டேன், "உனுக்கு யாரு பொண்ணு, அவளா நானா?" என்று. அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டுப் பேன் பார்ப்பதைத் தொடர்ந்தாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் துரை ஊருக்குக் கிளம்பினார். பங்களாவைக் காலி செய்து, சாமான்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு, கப்பல் வரும்வரை பழைய பட்டணத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பெரிய ஓட்டலில் போய்த் தங்கினார்கள். அந்த ஓட்டலை நான் டிராமில் போகும்போது பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தூண்கள், வாசலில் தலைப்பாகை கட்டின காவல்காரன், மாடியில் பச்சை அடித்த ஜன்னல்கள். ராஜாக்களும் கப்பல் கம்பெனி முதலாளிகளும் வந்து இறங்குகிற இடம். அம்மாவும் அவர்களோடு போய் அங்கே குழந்தையின் அறையில் தரையில் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "புதங்கெழம பகல் சாப்பாட்டுக்குத் தொரசானி உன்னியும் என்னியும் கூப்பிட்டுக்கீறாங்க" என்றாள். "மேஜைல குந்த வெச்சி சோறு போடப் போறாங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயாவை மேஜையில் உட்காரவைப்பதா? அந்த வீட்டில் அம்மா ஏழு வருஷம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அம்மா போனபிறகுதான் பெரியம்மா விஷயத்தை உடைத்தாள். பெரியம்மா வண்ணாரப்பேட்டை அரிசி மண்டியில் புடைக்கிற வேலை செய்தவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "சும்மா கூப்பிடுவாளா? உங்கம்மாவ சீமைக்கு இஸ்துகினு போறதுக்குத்தான் இந்த விருந்து. ஒரு வருசம், ரெண்டு வருசம்ன்றாங்களாம். அப்பால வேற எவளாவது தொரசானி கூட திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

திருப்பி அனுப்புவார்களாம். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தி போயிருந்தாள். குழந்தையோடு கப்பலேறினவள் நாலு வருஷமாக வரவில்லை. முதல் வருஷம் ஒரு கடிதாசி வந்தது, அதற்குப்பிறகு அதுவும் இல்லை. அவள் புருஷன் வேறொருத்தியைக் கொண்டுவந்துவிட்டான். அவள் பிள்ளை யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். அந்தப் பிள்ளையின் முகம்தான் அன்று முழுக்க என் கண்ணில் நின்றது. அடுத்தது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும், டீ குடிக்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாந்தரம் கேட்பார்கள். அப்போதும் வேண்டாம். மூன்றாந்தரம் கேட்டால்தான் அது நிஜமான கேள்வி, அதற்குச் சொல்வதுதான் நிஜமான பதில். முதல் தரமே கையை நீட்டுகிறவளுக்குப் பரக்காவெட்டி என்று பெயர் வந்துவிடும். மூன்று தரம் கேட்காத வீட்டுக்காரிக்கு அதைவிடக் கெட்ட பெயர். சோற்றுக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பெண் கேட்டு வந்தால்கூட இரண்டு தரம் 'இப்போ இன்னா அவசரம்' என்று சொல்லிவிட்டு, மூன்றாந்தரம்தான் மனதில் இருப்பதைச் சொல்வார்கள்.

புதன்கிழமை நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். தேர்டு பாரம் படித்துக்கொண்டிருந்தேன், இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல். பெரியம்மா என் பாவாடைக்கு இஸ்திரி போட்டு, தலையை எண்ணெய் வழிய வாரிப் பின்னி, டிராமில் ஏற்றிவிட்டாள். ஓட்டலுக்கு எதிரே டிராம் நிற்கிற இடத்தில் அம்மா காத்திருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேட்ட ஒடனே மண்டைய ஆட்டாத. ரெண்டு தபா வோணாம்னு சொல்லு. மூணாந்தபா கேட்டா கொஞ்சமா வாங்கிக்க. மானத்த வாங்கிடாத."

"நீ சீமைக்குப் போவியா?" என்று கேட்டேன்.

"கேக்காத கேள்விக்கு இன்னான்னு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பழக்கதோஷத்தில் அவள் நேராகச் சமையல்கட்டுப் பக்கத்துச் சந்துக்குத் திரும்பினாள். பத்து நாளாக அந்த ஓட்டலில் தூங்கி எழுந்தவள், முன்வாசல் வழியாக ஒரு தரம்கூட நுழைந்ததில்லை. நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். வாசலுக்குப் போனோம். காவல்காரன் எங்கள் காலைப் பார்த்தான். செருப்பில்லாத நாலு கால். "பின்னாடி போம்மா, பின்னாடி" என்று கையை ஆட்டினான். அம்மா திரும்பிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். நேராக அவன் முன்னால் போய் நின்று, நாங்கள் இன்ன அறையில் இருக்கும் மேடத்தின் விருந்தாளிகள், பகல் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்தேன். அவன் ஆடிப்போய்க் கதவைத் திறந்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்க்காத பார்வை அது. அந்தப் பார்வைக்காக அன்றைக்கு நான் இன்னும் பத்து காவல்காரர்களிடம் இங்கிலீஷ் பேசியிருப்பேன்.

உள்ளே போனதும் எனக்கு மூச்சு முட்டியது. காலடியில் மெத்தை மாதிரி கம்பளம். மண் ஒட்டின காலை அதில் வைக்கக் கூசியது. கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது, மின்விசிறிகள் சத்தமே இல்லாமல் சுற்றின. ஒவ்வொரு மேஜையிலும் வெள்ளைத் துணி, வெள்ளி, பூ. நான் பயந்தது வெள்ளைக்காரர்களை. அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வைத்த கண் வாங்காமல் பார்த்தது நம்மவர்கள்தான். கோட்டு போட்ட நாலு பேர் ஒரு மேஜையில் இருந்தார்கள். அதில் ஒருவர் அம்மாவைக் காட்டி, பரிமாறுகிற பேரரிடம் ஏதோ கேட்டார். பேரர் காதில் சொன்னதும் அவர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது.

துரைசானி எழுந்து நின்று எங்களை வரவேற்றாள். மெலிந்த பெண், களைத்த முகம். துரை கப்பல் ஆபீஸுக்குப் போயிருந்தார். அவள் பக்கத்தில் அந்தக் குழந்தை. ஏழு வருஷமாகக் கேள்விப்பட்டவளை அன்றைக்குத்தான் முதல் தரம் பார்க்கிறேன். சோளத்தட்டு நிறத் தலைமுடி, நீலக் கண், முன்பல் இரண்டு இல்லை. அம்மாவைக் கண்டதும் நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"ஆயா, நீ எம் பக்கத்துல குந்து. அந்த அக்கா அந்தாண்ட குந்தட்டும்" என்றாள்.

நான் அவள் வாயையே பார்த்தேன். தமிழ் பேசுகிறாள் என்பதற்காக இல்லை. அது எங்கள் வீட்டுத் தமிழ். 'அந்தாண்ட' என்பதை இழுத்த இழுப்பு அப்படியே அம்மாவின் இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் சந்தில் பிறந்த பெண் என்றுதான் எவரும் சொல்வார்கள். துரைசானி இங்கிலீஷில் பேசு கண்ணே என்று மெல்ல அதட்டினாள். குழந்தை, "பேஜாரு பண்ணாத மம்மீ" என்றது. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேஜையில் எந்தக் கத்தி எதற்கு, எந்த ஸ்பூன் எதற்கு என்று அம்மாவுக்கு அத்துப்படி. குழந்தைக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இங்கிலீஷும் முழுக்கப் புரியும், பேசத்தான் மாட்டாள். 'எஸ் மேடம்', 'நோ மேடம்', 'கமிங் மேடம்', அவ்வளவுதான். உட்கார்ந்து விருந்து சாப்பிட மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை தண்ணீர் கேட்டதும் சட்டென்று எழுந்துவிட்டாள். துரைசானி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இரண்டு தரம் இது நடந்தது.

பேரர் சூப் கொண்டுவந்தார். நடுத்தர வயது, வெள்ளைக் கோட்டு, இடுப்பில் சிவப்புப் பட்டை. முதலில் அம்மாவிடம் நீட்டினார்.

"வேணாம்பா."

அவர் நகர்ந்து என்னிடம் வந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்றேன். அவர் பேசாமல் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் இருந்த கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனார். எடுத்துக்கொண்டே போய்விட்டார் ஐயா. நான் திகைத்துவிட்டேன். இரண்டாந்தரம் எங்கே, மூன்றாந்தரம் எங்கே? கோழிச்சாறு வாசனை மூக்கைத் துளைக்கிறது. காலையிலிருந்து ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காமல் வந்திருக்கிறேன். விருந்துக்குக் கூப்பிட்டு இப்படி அவமானப்படுத்துவார்களா என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போது பேரர் குழந்தையிடம் போனார். அவள் அலட்சியமாக, "வோணாம்" என்றாள். அவர் நகர்ந்தார். அவள் முகம் சுருங்கியது.

"இன்னாபா நீ, திருப்பி கேக்கவே இல்ல? இன்னும் ரெண்டு தபா கேக்கணும், தெரியாது உனுக்கு?"

பேரர் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, குனிந்து குழந்தையிடம் இன்னும் இரண்டு தரம் மரியாதையாகக் கேட்டு சூப் ஊற்றினார். போகிற போக்கில் அம்மாவின் காதோரம், "யக்கா, இங்க ஒரு தபாதான் கேப்பாங்க. வோணும்னா வோணும்னு சொல்லிடு, பட்டினி கெடக்காத" என்றார்.

அவர் சிரித்தார், துரைசானிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே பகீர் என்றது. அம்மா அந்தக் குழந்தைக்குப் பாட்டோ கதையோ சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். மானம் எது, மரியாதை எது, எத்தனை தரம் மறுக்க வேண்டும் என்பதுவரை கற்றுக்கொடுத்திருக்கிறாள். எனக்கு எது கற்றுக்கொடுத்தாளோ அதே பாடம். எனக்கு நாலு மணி நேரத்தில், அவளுக்கு நாள் முழுக்க. யாரோ பெற்றது, நாம் வெறுமனே பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறவள் இப்படி வளர்ப்பாளா? அம்மா தன் பெண்ணாகவே வளர்த்திருக்கிறாள்.

மீன் வந்தது. நான் வெட்கத்தை விட்டு முதல் தரமே தலையை ஆட்டிவிட்டேன். அம்மா என் காலை மேஜைக்கடியில் மிதித்தாள். மிதித்துக்கொள்ளட்டும் என்று தின்றேன். அவள் மட்டும் மறுபடி, "வேணாம்பா" என்றாள். பேரர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகரப் போனார். குழந்தை அவர் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆயா, மீன் துன்னு."

"வேணாம் பாப்பா."

"துன்னு ஆயா."

இதற்கு அம்மா சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்தினாள். மூன்று தரம் ஆகிவிட்டது, பேரர் ஒன்று, குழந்தை இரண்டு. அதற்குப்பிறகு ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இதேதான். வீட்டுக்காரி மாதிரி குழந்தை உபசாரம் செய்தாள், அம்மா கணக்காக மூன்றாந்தரம் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போன விளையாட்டு என்று பார்த்தாலே தெரிந்தது. நான் ரொட்டியைத் தட்டிலேயே பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் புட்டிங் வருவதற்கு முன்னால் துரைசானி மடியில் விரித்திருந்த துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். உன் இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கிறது, நான் சொல்வதை உன் அம்மாவுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், இது சமையல்கட்டுப் பாஷையில் சொல்கிற விஷயம் இல்லை என்றாள். வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் நிதானமாகச் சொன்னாள். குழந்தை இரவெல்லாம் அழுகிறது. ஆயா இல்லாமல் அந்தக் குளிர் ஊரில் எப்படிப் பள்ளிக்கூடம் போகும் என்று பயமாக இருக்கிறது. ஆயா கூட வர வேண்டும். இரண்டு வருஷம் போதும். கம்பளிச் சட்டை, தனியாகத் தூங்கக் கட்டில், எல்லாம் உண்டு. பிறகு பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். கட்டாயம் இல்லை, அவளுக்கு இஷ்டம் இருந்தால்.

அம்மா எல்லாவற்றையும் புரிந்துகொண்டு மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன்.

"வேணாம்மா" என்றாள் அம்மா. "அது என்னால ஆவாது."

நான் இங்கிலீஷில் சொன்னேன். துரைசானி தலையசைத்தாள். புரிகிறது என்றாள். முகம் வாடிப்போயிற்று, ஆனால் அதோடு விட்டுவிட்டாள். ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே தரம் கேட்கிற ஜனங்கள். அந்த நிமிஷம் அவர்களை மனதாரக் கும்பிட்டேன். ஏசுவே, இவர்கள் இப்படியே இருக்கட்டும் என்று.

"ஆயா."

குழந்தை நாற்காலியில் மண்டியிட்டு அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தாள். இது விளையாட்டுக் குரல் இல்லை.

"ஆயா, கப்பல்ல எங்கூட வா."

"வேணாம் பாப்பா. நீ போயி நல்லா படி."

இரண்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும்தான் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. எண்ணியதால்தான் உடனே கேட்கவில்லை. பயந்துவிட்டாள். மூன்றாந்தரம் கேட்டால் வருவது நிஜம். அதற்குமேல் கேட்க முடியாது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் மனதுக்குள், கேட்காதே, கேட்காதே, உன் காலில் விழுகிறேன், கேட்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புட்டிங் தட்டோடு வந்த பேரர் எங்கள் மேஜைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார்.

"ஆயா," என்றாள் குழந்தை. "வா ஆயா." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அத்தனை பெரிய கூடத்தில், அத்தனை பேர் பார்க்க. அவள் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக, வேகவேகமாகச் சொன்னாள்.

"அழாத கண்ணு. மூணு தபா கேட்டுட்ட, இனிமே இல்லன்னு எப்டிச் சொல்றது? நான் இல்லாம உன்னிய உட்டுடுவனா? கூடவே வந்து கப்பலேறிக்கிறேன், அழாத."

எனக்குக் காது அடைத்துவிட்டது. யாரோ பின்மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். பெற்ற பெண், இரண்டு முழ தூரத்தில். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அழுகிற குழந்தையைத் தேற்றச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று கேட்காதீர்கள். மூன்றாந்தரம் சொல்வதில் எங்கள் பக்கம் பொய் கிடையாது.

துரைசானிக்கு அந்த வேகத்துத் தமிழ் பிடிபடவில்லை. என்னைப் பார்த்து இங்கிலீஷில், "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டாள்.

"நோ, மேடம்," என்றேன். "ஷீ சேஸ் நோ."

எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. உச்சரிப்பில் ஒரு குறை இல்லை. குழந்தை மடியிலிருந்து தலையைத் தூக்கி, இல்லை, இல்லை, ஆயா வருகிறேன் என்று சொன்னாள், இவள் பொய் சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கத்தினாள். துரைசானி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை இமைக்காமல் அவளைப் பார்த்தேன். படித்த பெண், இஸ்திரி போட்ட பாவாடை, பதின்மூன்று வயது. இன்னொரு பக்கம் அழுது மூக்கு ஒழுகுகிற ஏழு வயதுக் குழந்தை, ஆயா வேண்டும் என்பதற்காக எதையும் சொல்லக்கூடியவள். யாரை நம்புவாள்? குழந்தையின் தலையைத் தடவி, ஆயாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றாள்.

பேரருக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு புட்டிங்கைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'எஸ் மேடம்' என்று இரண்டு வார்த்தை. ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்ன வார்த்தை. அதைச் சொன்னால் முடிந்தது, என் மானம் சந்தி சிரித்துப் போகும். சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷம் யோசித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவர்கள் அடுத்த வாரம் கப்பலேறினார்கள். அம்மா ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். பிறகு ஒரு மருத்துவமனையில் தொட்டில் வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள், தினமும் இரவு வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராகி, அவள் என் வீட்டிலேயே என் கையால் கஞ்சி குடித்துச் செத்தாள். நான் கேட்டது எனக்கு முழுசாகக் கிடைத்தது. ஒருநாளும் என்னை நோகச் சொன்னதில்லை. 'பாப்பா' என்ற வார்த்தையை அந்த வீட்டில் மறுபடி எவரையும் பார்த்துச் சொன்னதில்லை, என் பிள்ளைகளைக்கூட. அன்றைய பகலைப் பற்றி நாங்கள் பேசியது ஒரே ஒரு தரம். அதுவும் அன்றைக்கே, ஓட்டலிலிருந்து வெளியே வந்து அவள் என்னை டிராமில் ஏற்றிவிட நின்றபோது.

உச்சி வெயில். அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். டிராம் தூரத்தில் வருகிறபோது என் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டாள். டிராம் வந்து நின்றது. நான் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"உன் இங்கிலீசு நல்லா கீதுடி," என்றாள் அம்மா.

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு, டிராம் நகர்வதற்குள் திரும்பி, சமையல்கட்டுச் சந்து வழியாக உள்ளே போய்விட்டாள்.